ஒரே ஒரு நிபந்தனை

"உங்க பணத்த வாங்கினா, சாப்பிட வர்றவங்கள முதல்ல பிரார்த்தனை பண்ணச் சொல்லணும். அதானே?"

வந்தவர் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அதற்குள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

ஏழைகளுக்கு இரண்டு வேளை இலவசமாகச் சாப்பாடு போடும் இல்லம் அது. நடத்துபவர் பெரியம்மா. அடுத்த மாதத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியாக வேண்டிய நிலைமை. வேறு வழியில்லாமல்தான் ஒரு மத அறக்கட்டளையிடம் நிதி கேட்டிருந்தார். அவர்கள் சார்பில் இல்லத்தை நேரில் பார்க்க வந்திருந்தவர் வழுக்கைத் தலைக்காரர், தோளில் ஒரு துணிப்பை.

"அப்படி எதுவும்..." என்று இழுத்தார் அவர்.

"நாலு இடத்துல பார்த்துட்டுதான் சொல்றேன். மதத்தோட பணம் உள்ள வந்தா, பின்னாடியே மந்திரமும் வந்து உக்காந்துக்கும். பசியோட வந்தவங்ககிட்ட கும்பிடு வாங்கிட்டுதான் சோறு போடணும்னா, எனக்கு உங்க பணமே வேணாம். என் பக்கம் இந்த ஒரே ஒரு நிபந்தனைதான்."

"குரல் கொஞ்சம்கூட மாறலக்கா" என்று சிரித்தார் வந்தவர்.

அக்காவா? பெரியம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"யாரு... வெங்காயமா?"

"வெங்காயமேதான்."

"அடப்பாவி! அடையாளமே தெரியலையேடா. தலையில ஒரு காடே வெச்சிருந்தியே, எங்க போச்சு?"

"உங்க வெங்காயத்த உரிச்சு, அழுது அழுதே கொட்டிப் போச்சுக்கா."

இந்த இல்லம் ஒரு வாடகைக் கார் ஷெட்டில் தொடங்கிய காலத்தில், பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, சாயந்திரம் ஓடி வந்து காய் நறுக்கிக் கொடுத்தவர் அவர். வெங்காய மூட்டை மட்டும் எப்படியோ அவர் தலையில்தான் விழும். அப்புறம் பிழைப்புக்காக வெளியூர் போனார். வயதான காலத்தில் அறக்கட்டளையில் சேர்ந்திருந்தார்.

பெரியம்மா டீ கொண்டுவரச் சொன்னார். முகத்தில் இருந்த கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை.

"ஷெட்டு ஞாபகம் இருக்காக்கா? மழை வந்தா அண்டாவச் சுத்தி நாம எல்லாரும் தார்ப்பாயப் பிடிச்சுக்கிட்டு நிப்போமே."

"ஒருநாள் காத்துல தார்ப்பாயே பறந்து போச்சு."

"சாம்பார் அண்டா நிறைய மழைத் தண்ணி! நீங்க அசரவே இல்ல. இன்னிக்கு எல்லாருக்கும் சூப்புன்னு சொல்லி ஊத்திட்டீங்க."

"யாராவது குறை சொன்னாங்களா?"

"இன்னும் ஒரு கரண்டி கேட்டாங்கக்கா!"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"இஸ்திரி போட்ட சட்டையோட ஒருத்தர் வந்து, உள்ளயும் வராம வெளியயும் போகாம கேட் கிட்டயே நின்னாரே..." என்றார் வெங்காயம்.

"வேலை போனத வீட்ல சொல்லாம சுத்திக்கிட்டிருந்தாரு பாவம்."

"நீங்க ஒரு வார்த்த கேக்கல. 'தம்பி, இதக் கொஞ்சம் பிடிங்க, உப்ப எங்க வெச்சேன்னு தெரியல'ன்னு சோத்தோட தட்ட அவர் கையில குடுத்துட்டு உள்ள போனீங்க. அவர் சாப்பிட்டுக் கிளம்புற வரைக்கும் வெளிய தலகாட்டல. நான் ஒரு மக்கு. நெஜமாவே உப்பத்தான் தேடறீங்கன்னு டப்பாவத் தூக்கிட்டு பின்னாடியே வந்து திட்டு வாங்கினேன்."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்தோம்டா அப்ப. கையில ஒண்ணும் இல்ல. ஆனா நல்லா இருந்தோம்."

"எங்க ட்ரஸ்ட் கூட்டத்துல எல்லாம் நான் சொல்றது இந்தக் கதையைத்தான்கா. எனக்கு இது ரெண்டாவது வேதம்னு கிண்டல் பண்ணுவாங்க. நிதி குடுக்கற இடத்துல பிரார்த்தனை, போர்டு, போட்டோ எதையும் கேக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு மாத்த வெச்சதும் அதனாலதான். எங்க பக்கம் எந்த நிபந்தனையும் இல்ல. ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்தாதீங்க. பணம் வந்துடும்."

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மேஜைமேல் போன் அடித்தது.

"நீ முதல்ல போய் உக்காந்து சாப்பிடுடா. இதப் பேசிட்டு வந்துடறேன்."

சாப்பாட்டுக் கூடம் பெரிதாக, சுத்தமாக இருந்தது. நீள நீள மேஜைகள். எல்லார் முன்னாலும் தட்டில் ஆவி பறந்தது. ஒரு குழந்தை தட்டை நோக்கிக் கையை நீட்ட, பக்கத்திலிருந்த அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சூடாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார் வெங்காயம்.

அவருக்கும் தட்டு வந்தது. முதல் வாய் எடுத்தார்.

"பெரியவரே, பெரியவரே! கைய வைக்காதீங்க." பரிமாறிக்கொண்டிருந்த பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஊருக்குப் புதுசா? பெரியம்மா வரணும். எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லணும். அப்புறம்தான் சாப்பிடணும். இங்க அதான் வழக்கம்."

அவர் எடுத்ததைத் தட்டிலேயே வைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெஞ்சுகள் தடதடவென்று பின்னால் நகர்ந்தன.

"வணக்கம் பெரியம்மா!"

கூடம் முழுக்க ஒரே குரல். பெரியம்மா சிரித்த முகத்தோடு, உட்காரச் சொல்லிக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை பாதியிலேயே நின்றது.

ஆறிக்கொண்டிருக்கும் தட்டுக்கு முன்னால், கொஞ்சமும் கிண்டல் இல்லாத முகத்தோடு, மற்றவர்களைப் போலவே வெங்காயமும் எழுந்து நின்று கை கூப்பியிருந்தார்.