தகர டம்ளர்

ராஜபாளையத்தில் அந்தப் பழைய பங்களா இப்போது ஒரு விசித்திர ஹோட்டல். கட்டில்கள் கயிற்றில் தொங்கின. மாட்டுவண்டிச் சக்கரம்தான் மேசை.

"ஐயா, செருப்பை கேட்டுக்கு வெளியவே விட்டுருங்க. இங்க அதான் வழக்கம்" என்றாள் முதலாளி மாரிக்கனி.

தங்க வந்திருந்த உக்கிரபாண்டி வெறுங்காலோடு வெயிலில் நடந்து, வழி கேட்காமலே முற்றத்துக்குப் போனார். காபி தகர டம்ளரில் வந்தது.

"குடிச்சிட்டு நீங்களே கழுவிக் கவுத்திருங்க. அதுவும் வழக்கம்."

"புதுசு புதுசா யோசிக்கிறியேம்மா" என்று ரசித்தபடி கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்து வந்த குடும்பம் ஷூக் காலோடு நுழைந்து, பீங்கான் கோப்பையில் குடித்தது.

"அவியளுக்கெல்லாம் இந்த வழக்கம் கிடையாதா?"

"இல்லய்யா. இது ஒங்க வீடா இருந்தப்ப, வேலைக்கு வந்த எங்கப்பாவுக்கு நீங்க வச்ச வழக்கம். டம்ளரைப் பத்திரமா வைங்க. ராத்திரிக்கும் அதுலதான்."