திறப்பு விழாவுக்கு முன்

ஆட்டோவைக் கண்டதும் முத்திருளன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

சமயநல்லூர் தாண்டி, நெசவாளர்களுக்கென்று அரசாங்க மானியத்தில் கட்டிய வீடுகள் அவை. போன சித்திரையில் வெள்ளையடித்து முடித்தது. அடுத்த சித்திரையும் வந்துவிட்டது. திறந்து வைக்க மந்திரி இன்னும் தேதி கொடுத்தபாடில்லை. அதுவரை ஒரு கதவையும் திறக்கக் கூடாது என்று சாவிக்கொத்தைக் காவலுக்கு இருந்த அவனிடம் விட்டுப் போயிருந்தார்கள்.

ஆட்டோவில் சூடாமணி. அவள் தோளில் சாய்ந்தபடி புருஷன் ஜனகராஜ், காது வரைக்கும் போர்வை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து, தங்களுக்கு ஒதுக்கிய வீட்டை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற ஜோடி. கொஞ்ச நாளாகத்தான் காணோம்.

"வாடகை வீட்டுக்காரம்மா, ஏதும் ஆகுறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க தம்பி. அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு குடி வருவான்னு கேக்குறாங்க. எங்க கதவ மட்டும் தொறந்து விடுங்க."

"என் வேலை போயிரும்க்கா."

அவள் கெஞ்சவில்லை. புருஷன் பக்கம் திரும்பித் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் என்னவோ சொன்னாள். அவர் முகத்தருகே காதை வைத்துக் கேட்டாள். தலையாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா சொல்றாரு?"

"அந்தத் தம்பியச் சங்கடப்படுத்தாதங்கறாரு."

முத்திருளன் சாவிக்கொத்தை எடுத்தான்.

ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அவனும் ஆட்டோக்காரனும் அவரைக் கொண்டுவந்தார்கள். வாசலில் சூடாமணி நிறுத்தச் சொன்னாள். புது வீட்டுக்குள் சும்மா நுழைய முடியுமா. குனிந்து, அவருடைய வலது காலைத் தன் கையால் எடுத்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

வைத்த கால் கோணிக்கொண்டு சரிந்தது.

தன் கழுத்தைச் சுற்றிக் கிடந்த கையை முத்திருளன் அப்போதுதான் தொட்டுப் பார்த்தான். சில்லிட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெறும் சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். ஆட்டோ திரும்பிப் போனது.

சூடாமணி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். நிமிராமலே சொன்னாள்.

"எங்க சனம் வந்து கேட்டா, சொந்த வீட்டுக்குள்ள வந்து, தண்ணி குடிச்சுட்டுத்தான் கண்ண மூடுனாருன்னு சொல்லுங்க தம்பி."

முத்திருளன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு மடக்கு குடிச்சாருக்கா," என்றான்.