குதிரைக்குக் கால்வலி

குதிரை நொண்டியது.

மறுநாள் நாடகம். ராஜாவுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நடந்து வரவேண்டிய குதிரை, காலை இழுத்து இழுத்து வந்தது.

"நிறுத்துய்யா!" டைரக்டர் கத்தினார். "இது பட்டத்துக் குதிரையா, பொதி சுமந்த கழுதையா?"

போர்வைக்குள் இரண்டு பேர். முன்னால், குதிரை முகமூடி மாட்டிய மச்சான். பின்னால் குனிந்து, மச்சானின் இடுப்பைப் பிடித்தபடி அவர் தங்கை புருஷன்.

மச்சான் முகமூடியைக் கழற்றினார். "என்னைக் கேட்டா? எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? மாப்பிள்ளைக்கு வீட்டுல கால்மேல கால் போட்டே பழக்கம். நடக்கச் சொன்னா எப்படி?"

மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்தார். "என் கால்தான் சார் பிசகுது."

"அப்ப நீ போய்த் திரையை இழு."

காவலனாக நடிப்பவரைப் பிடித்துப் போர்வைக்குள் தள்ளினார் டைரக்டர்.

குதிரை மறுபடி கிளம்பியது. பின்பாதி ஜம்மென்று நடந்தது. முன்பாதி நொண்டியது. நடுவில் போர்வை இழுபட்டுக் கிழியப் பார்த்தது.

கொட்டகையே சிரித்தது. மச்சான் முகமூடியைக் கழற்றவில்லை. தன் கால் நொண்டுவது அவருக்குத் தெரிந்ததுதான். இவ்வளவு நேரம் பின்னால் கூடவே நொண்டிய மாப்பிள்ளையின் கால் எதற்கு நொண்டியது என்பது இப்போதுதான் உறைத்தது.

டைரக்டர் சிரிக்கவில்லை. திரைக்கயிற்றுப் பக்கம் போனார்.

"உன் காலுக்கு என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் நொண்டினே?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "மச்சானுக்கு முட்டி போச்சு சார். வெளியில சொல்லமாட்டாரு. தெரிஞ்சா அந்தக் குதிரைத் தலையைப் பிடுங்கிடுவீங்க. அதுலதான் அவர் உயிரே இருக்கு. அவர் மட்டும் நொண்டினா அவருக்கு வலி. ரெண்டு பேரும் நொண்டினா குதிரைக்குத்தானே வலி?"

டைரக்டர் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார்.

"இதைச் சொல்ல வாயில்லையா உனக்கு? போ, போய்க் குனி."

பிறகு ராஜாவை அதட்டினார். "குதிரை போர்ல அடிபட்டு வருதுய்யா. விறைப்பா நடக்காம, தடவிக்கொடுத்துக் கூட்டிட்டு வா!"

மறுநாள் மேடையில் நாலு காலும் ஒன்றாக நொண்டின. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. மச்சான் போர்வையை உதறினார். முகமூடியைக் கழற்றி, பின்னால் ஒளியப் பார்த்தவரை இழுத்து அவர் தலையில் மாட்டினார்.

"என்னைப் பார்த்துத் தட்டாதீங்க. குதிரைன்னா அது எங்க மாப்பிள்ளைதான்!"