புது வார்டில் ஒரு படுக்கை

மழையில் தொப்பலாக நனைந்தபடி ஆஸ்பத்திரி வளாகத்தில் நின்றார் சேர்மனின் மச்சினன். பத்தடி தள்ளிப் புது வார்டின் போர்டிகோ காலியாகக் கிடந்தது.

"அங்க போய் ஒதுங்குங்க சார்" என்றார் வாட்ச்மேன்.

"வேணாம். இங்கயே நிக்கிறேன்."

அக்கா புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று வாட்ச்மேனுக்கே மனசு இளகிவிட்டது.

உள்ளே எமர்ஜென்சி அறையில், நகராட்சி சேர்மன் ஸ்ட்ரெச்சரில் புரண்டுகொண்டிருந்தார். "ஐயோ, நெஞ்சை அடைக்குதே! டாக்டரம்மா, சீக்கிரம் ஒரு பெட் போடுங்க!"

ஒரு மணி நேரம் முன்பு வரை அந்த நெஞ்சு நன்றாகத்தான் நிமிர்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கைது வாரண்டை நீட்டியதும்தான் அதற்கு வலிக்கத் தெரிந்தது.

போன மாதம் மார்க்கெட் கூரை இடிந்து விழுந்து மூன்று பேர் செத்தார்கள். கூரை போட்ட கான்ட்ராக்டர் இந்த மச்சினன். உறுதியான கட்டடம் என்று கையெழுத்துப் போட்டவர் இந்தச் சேர்மன். "எல்லாம் மழை செஞ்ச வேலை" என்று டி.வி.க்காரர்கள் முன்னால் ஈரமே இல்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெட்கங்கெட்ட மனுஷன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரின் மனைவி அங்கே காய்கறி விற்றவள். செத்த மூவரில் அவளும் ஒருத்தி. சேர்மன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும் ஒரு முகம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கே ஜட்ஜ் முன்னாடி நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பலேன்னா அவ்வளவுதான் மேடம். இங்க படுத்துக்கிட்டே சாட்சிங்க எல்லாரையும் கலைச்சிடுவான். அப்புறம் கேஸே நிக்காது."

"ஈ.சி.ஜி. நார்மல்தான் சார். ஆனா வலிக்குதுங்கிறாரே, நான் என்ன செய்ய? மேலேயிருந்து வேற ரெண்டு தடவை போன் வந்தாச்சு." எரிச்சலோடு அட்மிஷன் சீட்டை எழுதினார் டாக்டரம்மா.

சேர்மன் கண்ணை மூடியபடியே மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் தொண்டையைச் செருமினார். "பழைய வார்டுல பெட் இல்லீங்கம்மா. ஐயாவைப் புது வார்டுல போட்டுடலாமா?"

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "போடுங்க. கீழ்த்தளத்துலயே போடுங்க."

சேர்மனின் கண் பட்டென்று திறந்தது. "எந்த வார்டு?"

"நீங்க போன வாரம் ரிப்பன் வெட்டினீங்களே, அதாங்க. உங்க மச்சினர்தானே கட்டினாரு! மேல ரெண்டு மாடி, ஜம்முனு இருக்கு. முதல் பேஷண்டே நீங்கதான்" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. மழை வலுத்தது. வராந்தாவின் முனைக்கு வருவதற்குள் சேர்மன் குதித்து இறங்கி, ஓடி வந்து இன்ஸ்பெக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வலி போயிடுச்சு சார், கிளம்பலாம். ஜெயில் பழைய கட்டடம்தானே?"