முதுகளவு

"இது பத்து வருசம் உழைக்குமோ எண்டு அந்தாளிட்டைக் கேளுங்கோ."

முதுகுப்பையின் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தபடி சொன்னாள் சிவதர்சினி. அவள் கணவன் தவச்செல்வன் அதை டொச்சில், ஜெர்மன் மொழியில், கேட்டான்.

"பதினைந்து வருசம்," என்றான் ரேட்டோ. சுவிஸின் கூர் நகரத்தில் வேட்டைச் சாமான் விற்கிற கடை அவனுடையது.

ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருசம் நின்ற தவச்செல்வன், தலைமைச் சமையல்காரரோடு மலையேறிப் பழகி, நாலு வருசத்துக்கு முன் வேட்டைப் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தான். செப்டெம்பர் வந்தால் லீவு, துவக்கு, மலை. சிவதர்சினியும் மலைக்குடில்வரை கூடவே ஏறுவாள். அடித்த மலையாட்டை ஒரே பையில் போட்டு, ஆள்மாறி ஆள் சுமந்து இறக்குவார்கள்.

போன முறை அந்தப் பை கிழிந்துவிட்டது. இன்று புதுசு வாங்கியே தீரவேண்டும் என்று காலையிலிருந்து அவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள்.

"இந்த முறை மலைக்குப் போகாமல் விடுவம் எண்டு பாக்கிறன்," என்று காரில் வரும்போது சொல்லிப் பார்த்தான்.

"ஏன், எனக்கு உடம்பு வருத்தம் எண்டோ? சுகம் வரும் எண்டுதானே டொக்டர் சொன்னவர்?"

சுகம் வரும் என்று டொக்டர் சொல்லவில்லை. சொன்னது தவச்செல்வன்.

நேற்று ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். தேவையில்லை, நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கந்தோர், வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவன்தான் அவளுக்கு வாய். அவள் பின்னால் நின்று தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

டொக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கணையத்தில் தொடங்கி ஈரல்வரை பரவிவிட்டது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையைக் காண்பது கஷ்டம்.

தவச்செல்வன் மனைவி பக்கம் திரும்பினான். "குடல்ல புண்ணாம். மருந்து எடுத்தால் நத்தாருக்கிடையில சுகமாம்." சொல்லும்போது சிரித்தும் காட்டினான். அவளும் "அப்பாடா" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. மிச்சமிருக்கிற நாலு மாதமாவது அவள் பயமில்லாமல் இருக்கவேண்டும். அதற்காக அவன் எந்தப் பையையும் வாங்கத் தயார்.

ரேட்டோ ஒரு பைக்குள் மணல் மூட்டைகளை அடுக்கி அவன் முதுகில் ஏற்றினான்.

"முப்பது கிலோ. இந்தப் பைக்கு நான் உத்தரவாதம் தருவேன். சுமக்கிற ஆளுக்குத் தரமாட்டேன்!"

தவச்செல்வன் அதைத் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் சிவதர்சினி சிரித்துவிட்டாள். ரேட்டோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டிய கோலம் அப்படி.

"நிமிந்து நில்லுங்கோப்பா. கலியாணத்தண்டு மாலை பாரமெண்டு வளைஞ்சு நிண்ட மாதிரியே நிக்கிறியள்."

"அண்டைக்கு மாலையோ பாரம்? பக்கத்தில நிண்ட நீர்தான் பாரம்."

"ஓம், ஓம். கதைக்கு மட்டும் குறைச்சலில்லை."

அந்தப் பையை இறக்கச் சொன்னாள். ஒன்று கல்லுமாதிரிப் பாரம் என்றாள். இன்னொன்றைத் தடவிப் பார்த்து, முள்ளில் பட்டால் கிழியும் என்று தள்ளினாள். இரத்தம் பட்டால் கழுவச் சுகமோ என்று உட்துணியைக்கூட வெளியே இழுத்துப் பார்த்தாள். அந்த மெலிந்த விரல்களையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் ரேட்டோ இரண்டு பைகளை மேசையில் வைத்தான்.

"இரண்டும் ஒரே துணி, ஒரே உறுதி. இதில் முதுகளவைக் கூட்டிக் குறைக்கலாம், உங்கள் மனைவியும் சுமக்கலாம். ஆனால் அதற்கான கம்பிச் சட்டத்தால் அரைக் கிலோ பாரம் கூட. மற்றது ஒருவருடைய முதுகுக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டுவது. எது வேண்டும்?"

தவச்செல்வன் யோசிக்கவே இல்லை. முதல் பையில் கை வைத்தான்.

"இதை எடுப்பம் தர்சினி. அளவு மாத்தலாமாம். அடுத்த வருசம் நீரும் சுமக்கலாம்."

சிவதர்சினி அவன் கையைப் பையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். பிறகு ரேட்டோவைப் பார்த்து, ஓரிடத்திலும் தடக்காமல் டொச்சில் சொன்னாள்.

"வேண்டாம். பாரம் குறைந்ததையே தாருங்கள். இவருக்கு மட்டும் பொருந்தினால் போதும்."

ரேட்டோ அளவுநாடா எடுக்க உள்ளே போனான். தவச்செல்வன் அவள் பக்கம் குனிந்தான்.

"உமக்கு... டொச் விளங்குமோ?"

"பதினெட்டு வருசமாய் லோண்டரி வேலையில ஆரோட கதைச்சனான் எண்டு நினைச்சியள்?"

"பிறகேன் ஒருநாளும் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் எனக்காகக் கதைக்கிறது எனக்குப் பிடிக்கும்."

"அப்ப... நேற்று..."

அவள் அவன் சேட்டுக் கொலரை நீவி நேராக்கினாள்.

"டொக்டர் சொன்னதைவிட நீங்கள் சொன்னது வடிவாயிருந்தது."