சிறுகோட்டில் தொடங்கும் பெயர்கள்

இறந்துபோன கணவரின் அலுவலகக் கணினிக் கணக்கில் நுழைந்து அவள் ஒரு ஃபோல்டரைத் திறந்தபோது, திரையில் வந்து விழுந்தவற்றைப் பெயர்கள் என்றே சொல்ல முடியவில்லை.

ஒன்று வெறும் அரைப்புள்ளி. ஒன்று இரண்டு கேள்விக்குறிகள். ஒன்றுக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். மற்றவை பெரும்பாலும் ஒரு சிறுகோட்டில் தொடங்கி, எங்கோ போகக் கிளம்பி வழி மறந்ததுபோல் பாதியில் நின்றன.

பக்கத்து மேஜைக்காரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது, அண்ணன் கீபோர்டு மேல பூனை எதுவும் படுத்துப் புரண்டுச்சா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாயங்காலத்துக்குள்ள அண்ணன் கணக்கைக் காலி பண்ணிரலாம்ல? பழைய சர்வரை எடுத்துட்டுப் போக வர்றாங்கன்னு காலையிலயே சொன்னேனே."

காலையில் சொன்னானா? அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இவை எப்படிப் பிறக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கறுப்புத் திரையில் எழுதி முடித்து, சேமிக்கச் சொல்லும் நேரத்தில் விரல் கூடுதலாக ஒரு விசையைத் தொட்டால் போதும். இந்தக் கணினிகளை இயக்கும் லினக்ஸ் ஏன் எதற்கு என்று கேட்காது. அந்தத் தவறையே பெயராகச் சூட்டி ஒரு கோப்பை உண்டாக்கிவிடும்.

யாருக்கும் எப்போதாவது நேர்வதுதான். இங்கேயோ திரை கொள்ளாத அளவுக்கு இருந்தன.

மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன்பே அவருக்குள் வேறு ஏதோ ஒன்று கழன்றுகொண்டிருந்திருக்கிறது.

கடைசி வருடத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று தட்டை நோக்கிக் குனிந்துகொள்வார்.

ஃபோல்டரின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கியது. அப்படிப் பெயர் வைத்தால் சாதாரணப் பட்டியலில் தெரியாது. ஒளித்துத்தான் வைத்திருக்கிறார். அழித்திருக்கலாமே. தன் தடுமாற்றத்தை ஒரு மனிதர் இப்படியா சேர்த்து வைப்பார்?

என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.

சர்வரை எடுத்துப் போகிறவர்கள் இதைத் திறந்து பார்த்துச் சிரிக்கக் கூடாது. இருவரும் வேலை பார்த்த இந்த அலுவலகத்தில் அவர் விரல் பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயராவது மிஞ்சட்டும்.

முதல் கோப்பை அழிக்கச் சொன்னாள். இயந்திரம் மறுத்தது. முன்னால் நிற்கும் சிறுகோட்டைப் பார்த்து அது ஒரு கட்டளை என்று நினைத்துக்கொண்டது. இதற்கு வழி உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட வேண்டும். இங்கே இருக்கிற இதைத்தான் சொல்கிறேன் என்று கையைப் பிடித்துக் காட்டுவதுபோல.

போட்டாள்.

இந்தத் தடவை மறுக்கவில்லை. கேட்டது. இதில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை, இருந்தாலும் அழிக்கவா?

அவள் கை நின்றது.

ஃபோல்டர் அவருடையது. உள்ளே நுழைந்திருப்பது அவர் பெயரில். தன் கோப்பில் எழுத அவருக்கே எப்படி அனுமதி இல்லாமல் போகும்?

வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் விவரத்தோடு பட்டியலிடச் சொன்னாள்.

எந்த ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் ஒரு கோப்பு தன்னை உண்டாக்கியவரின் பெயரை விடாது. ஒவ்வொரு வரியிலும் அது இருக்கும்.

அரைப்புள்ளிக்கு நேரே அவளுடைய பெயர் இருந்தது. கேள்விக்குறிகளுக்கு நேரே அவளுடைய பெயர். வெற்றிடத்துக்கு நேரேயும். கீழே போகப் போக, அவள் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. தேதிகள் அவர் இறந்த வாரத்தோடு நின்றிருந்தன.

ஒவ்வொன்றாக அவளுடைய ஃபோல்டரிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். அவள் கண்ணிலும் படாமல், வேறு யார் கண்ணிலும் படாமல்.

பக்கத்து மேஜைக்காரன் போனில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் அவருடைய கணக்கிலிருந்து வெளியே வந்தாள். தன் பெயரில் நுழைந்தாள். தன்னுடைய ஃபோல்டரைப் பட்டியலிடச் சொன்னாள்.

அதே சிறுகோடுகளும் கேள்விக்குறிகளுமாக வரிகள் திரையின் மேல்விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தன. நின்றபோது முதல் வரி எங்கோ மேலே போயிருந்தது. தேதிகள் எல்லாம் அவர் இறந்ததற்குப் பிந்தியவை.

தினமும் இதைப் பார்த்திருக்க வேண்டும். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது.