பக்கத்து ரூம் ஆட்கள்

நீல பேட்ஜைச் சட்டையில் குத்தியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ பதக்கம் வாங்கிவிட்ட நினைப்பு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அவர்கள் பேசுவதெல்லாம் எனக்கு ஸ்பீக்கரில் கேட்கும்.

மனிதர்கள் எப்படி 'நாம்', 'அவர்கள்' என்று பிரிகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. திரை நிறையப் புள்ளிகளைக் காட்டி, எத்தனை என்று கேட்போம். கூட்டிச் சொன்னவர்கள் நீலம், குறைத்துச் சொன்னவர்கள் மஞ்சள், மஞ்சள்காரர்கள் பக்கத்து ரூமில் இருக்கிறார்கள் என்போம்.

எல்லாம் பொய். என்ன சொன்னாலும் நீலம்தான். பக்கத்து ரூமில் ஓடாத ஃபேனும் கால் உடைந்த நாற்காலிகளும்தான் இருக்கின்றன.

இந்தத் துளிப் பொய் போதும். தலை நரைத்தவர்கள்கூட அரை மணி நேரத்தில் ஆளில்லாத ரூமை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள். பார்த்துப் பார்த்து மனுஷ ஜென்மத்தின் மேலேயே எனக்கு இளக்காரம் வந்துவிட்டது.

அந்த இளக்காரத்தை நம்பித்தான், ஆள் குறைகிறது என்று சொல்லி அப்பாவைக் கூட்டிவந்தேன்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அதே நீல பேட்ஜோடு, நான் கட்டிக்கொள்ள நினைப்பவனின் அப்பா. அவரை அனுப்பிவைத்தது அவன் பாடு.

ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் அடம். 'அவங்க வேற, நாம வேற' என்று இரண்டு வீட்டிலும் ஒரே வசனம். என் பேச்சை எடுத்தாலே வருங்கால மாமனார் காதைப் பொத்திக்கொள்வாராம். இரண்டு பேரும் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று நாங்கள் வேறு புத்திகெட்டுப் போய் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

உள்ளே பெயர், ஊர், வேலை எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கு வசதியாகப் போயிற்று. முதலில் ஒட்டிக்கொள்ளட்டும், அப்புறம் உண்மையைச் சொல்வோம், ஒட்டியதைப் பிய்க்க மனசு வராது என்று கணக்குப் போட்டேன்.

நினைத்ததைவிடச் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள்.

மஞ்சள் அணி கட்டியது என்று ஒரு காகிதக் கோபுரத்தின் போட்டோவைக் கொடுத்து மார்க் போடச் சொன்னோம். நான் மெனக்கெட்டுக் கட்டிய கோபுரம். கட்டியவனுக்கு இருப்பது கையா காலா என்றார் அப்பா. மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த ரூம்காரன்கள் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார்.

எந்த மூஞ்சியை ஐயா பார்த்தீர்?

அந்தப் பக்கம் ஒரே கூச்சல் என்று புகார் வேறு. சீ, என்ன பிறவிகள்!

டீ வந்தது. அப்பா முதல் கப்பை எடுத்து மாமனாருக்கு நீட்டினார். வீட்டில் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தறியாத மனிதர்.

டீ உள்ளே போனதும் அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. இங்கேதான் வேலை பார்க்கிறாள் என் பெண், ஒரே பெண், கண்டவனைக் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள் என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மாமனார் தன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவினார். தன் வீட்டிலும் அதே கூத்துதான் என்று மட்டும் மூச்சுவிடவில்லை. கௌரவமாம்.

ஆனாலும் அந்தக் கை அப்பாவின் முதுகில் இருந்ததைப் பார்த்ததும் ஸ்பீக்கரை அணைத்தேன். போதும், ஜெயித்துவிட்டேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அசடு மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அப்பா, "இவதாங்க" என்று என்னைக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு வாஞ்சை அந்த முகத்தில்.

"இப்படிப்பட்ட அப்பாவை அழ வைக்கலாமாம்மா? அந்தப் பையனை விட்டுத் தள்ளு. ஊரான் வீட்டுப் பொண்ணை இப்படிக் கெடுக்கிறவன்னா, அவனைப் பெத்து வளர்த்தவங்க எப்பேர்ப்பட்ட ஜனமா இருக்கும்!"

அப்பா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.